மருத்துவக் கல்லூரியின் வாசலுக்கு முன்னே

"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று வீட்டுக்கு வரும் உறவினர் யார் கேட்டாலும், "டாக்டர்" என்று பதில் சொல்லிவிடுவது நம்மில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. கேட்டவர்களுக்கும் மகிழ்ச்சி, பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் டாக்டரின் நாள் எப்படிக் கழிகிறது, நோயாளியின் அருகில் நான்கு மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும், ஒரு மருந்து மருந்தாக ஆவதற்குமுன் எங்கே யார் கையில் இருந்தது என்பவற்றை அறிந்து இப்பதிலைச் சொல்கிறவர்கள் நம்மில் மிகச் சிலரே. நமது நாட்டில் அதை அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நீட் தேர்வு. அதன் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு. மீதி இயற்பியலுக்கும் வேதியியலுக்கும். நோயாளி ஒருவரையாவது அருகிருந்து பார்த்ததுண்டா என்று அத்தேர்வு நம்மைக் கேட்பதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது வேறு விதமாக நடக்கிறது. அங்கே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவி, விண்ணப்பிப்பதற்கு முன்னரே ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்திருக்க வேண்டும், நோயாளிகளிடையேயும் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அந்த நாட்டு மாணவ மாணவியரின் பெருங்கவலை. அந்தக் கவலை நமக்கு இல்லையே என்று மகிழ்வதா, அல்லது நமக்கும் அது இருந்திருக்கலாமே என்று எண்ணுவதா என்று எங்களுக்குள் பல நாள் விவாதம் நடந்தது. அதன் பயனாகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முதலில் அங்குள்ள முறையைச் சொல்லிவிடுகிறோம். பள்ளி முடிந்ததும் அங்கே நேராக மருத்துவம் படிக்க முடியாது. மிகச் சில இணைப்புப் படிப்புகளே இதற்கு விலக்கு. நான்கு ஆண்டு கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம் பெற வேண்டும். அது உயிரியலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வரலாறாகவும் இருக்கலாம், இசையாகவும் இருக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களைக் கூடவே முடித்திருக்க வேண்டும். பிறகு 'எம்கேட்' என்னும் தேர்வு. தேர்வு மண்டபத்தில் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் போய்விடும். 472-இல் தொடங்கி 528 வரை மதிப்பெண். (பூச்சியத்தில் தொடங்காமல் 472-இல் தொடங்குவது ஏனோ! நம் கணக்கு ஆசிரியை இதைக் கேட்டால் புன்னகை செய்வார்கள்.) அதன்பின் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி, அதற்கும் பிறகு சிறப்புப் பயிற்சி மூன்று முதல் ஏழு ஆண்டுகள்.

விண்ணப்பத் தாளில் மதிப்பெண்ணைத் தவிர, செய்த வேலைகளையும் எழுத வேண்டும். அதிகபட்சம் 15 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்களுக்குள் விளக்கம்; எத்தனை மணி நேரம் செய்தோம், அதை அறிந்தவர் யார் என்பவற்றையும் குறிக்க வேண்டும். அவற்றுள் மூன்றை மட்டும், 'என்னை மிகவும் பாதித்தவை' என்று தேர்ந்தெடுத்துச் சற்று விரிவாக எழுதலாம். இந்த 15 கட்டங்களில்தான் ஆய்வுக்கூடமும் வார்டும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

இப்படிக் கேட்கும் வழக்கத்தின் வேர் எங்கிருக்கிறது என்று தேடினால், ஒரு பெண்மணியிடம் போய் நிற்கிறோம். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கப் பணம் போதாமல் இருந்தது. இரயில்வே செல்வர் ஒருவரின் மகளான மேரி எலிசபெத் காரெட்டும் அவருடைய தோழியரும் பணம் திரட்டித் தர முன்வந்தார்கள், ஆனால் நிபந்தனைகளோடு. ஆண்களுக்கு இணையாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. சேருகிறவர் எவராயினும் முன்னரே பட்டம் பெற்று, அறிவியல் கற்று, பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கல்லூரி 1893-இல் திறந்தபோது சேர்ந்த 18 பேரில் மூவர் பெண்கள். அங்கே ஆசிரியராக இருந்த புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், நல்லவேளை நாம் பேராசிரியர்களாக வந்துவிட்டோம், மாணவர்களாக வந்திருந்தால் நமக்கு இடம் கிடைத்திருக்காது என்று தம் நண்பர் வெல்ச்சிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். ஆஸ்லர் மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று கற்பித்தவர். வெல்ச் நுண்ணோக்கியின்முன் அமர்த்திக் கற்பித்தவர். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதுதான் அக்கல்லூரியின் பெருமை.

1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை எழுதினார். அவர் டாக்டர் அல்லர், ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நமக்கு வியப்பாயிருந்தது. நல்ல ஆய்வுக்கூடமும் சொந்த மருத்துவமனையும் இல்லாத பள்ளிகள் மூடப்பட வேண்டும் என்றார். பல மூடப்பட்டன. நோயாளிகளுக்கு அதனால் நன்மையே. ஆனால் கறுப்பின மக்களுக்காக இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து மறைந்து, இரண்டே மிஞ்சின. தரத்தை உயர்த்தும்போது வாசற்படியும் உயர்ந்துவிடுகிறது. இந்தச் சங்கடம் இன்றும் தீரவில்லை. பின்னால் அதைப் பற்றிச் சொல்வோம்.

ஆய்வுக்கூடத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி என்ன செய்கிறாள்? புதிதாய்ச் சேர்ந்தவளுக்குக் கண்டுபிடிப்பு எதுவும் காத்திருப்பதில்லை. கண்ணாடிக் கலங்களைக் கழுவுவது, கரைசல் தயாரிப்பது, பிப்பெட்டால் ஒரு துளியில் ஒரு சிறு பங்கை எடுத்து நூறு குழாய்களில் விடுவது, தட்டுகளில் வளரும் செல்களுக்கு உணவு மாற்றுவது, எல்லாவற்றையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது. மூன்று வாரம் செய்த சோதனை நான்காம் வாரம் பொய்த்துப்போகும். ஏன் பொய்த்தது என்று தேட இன்னும் மூன்று வாரம். நம் பள்ளிச் சோதனைச்சாலையில் விடை முன்னமே புத்தகத்தில் இருக்கிறது. நம்முடைய அளவு அதற்கு ஒத்து வந்தால் மகிழ்கிறோம். உண்மையான ஆய்வில் ஒத்துப் பார்க்கப் புத்தகமே கிடையாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதும் பழக்கம் அங்கேதான் உறுதிப்படுகிறது.

இதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு மே மாதம், சார்லஸ் பெஸ்ட் என்னும் 22 வயது இளைஞர் உடலியலும் உயிர்வேதியியலும் படித்துப் பட்டம் பெற்ற கையோடு, ஃபிரெடெரிக் பேண்டிங் என்ற அறுவை மருத்துவரிடம் கோடைகால உதவியாளராகச் சேர்ந்தார். யார் முதலில் சேருவது என்று அவரும் மற்றொரு மாணவரும் காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள் என்பர். பெஸ்ட் அப்போது டாக்டர் அல்லர். இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளப்பதே அவர் வேலை. கோடை வெயிலில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட நாய்களின் இரத்தத்தை எடுத்து எடுத்து அளந்தார். கணையத்திலிருந்து எடுத்த சாறு சர்க்கரையைக் குறைக்கிறது என்று அந்த எண்கள் காட்டின.

1922 ஜனவரி 11-ஆம் நாள் அந்தச் சாறு டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவனுக்கு வயது 14. நம்மைவிட ஒரு வயது இளையவன். எடை 65 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 29 கிலோதான். மருந்து போதிய பலன் தரவில்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக இருந்த சாறு படுக்கையில் கிடந்த பையனுக்கு நன்றாக இல்லை! காலிப் என்ற வேதியியலார் அதனை மேலும் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் நாள் மறுபடியும் ஊசி. இம்முறை சர்க்கரை இறங்கியது. அந்தப் பையன் 1935 வரை வாழ்ந்தான். இரண்டு ஊசிகளுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாள் என்பது வார்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கும், ஆய்வுக்கூடத்திலிருந்து வார்டுக்கும் நடந்த நடைதான். சார்லஸ் பெஸ்ட் அதன்பின் மருத்துவம் முடித்து 1925-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இனி நோயாளிகளிடையே பெறும் பழக்கம். இதில் பல படிகள் உண்டு. டாக்டர் ஒருவரின் பின்னாலேயே சென்று பேசாமல் கவனிப்பது ஒன்று. அதை அங்கே 'நிழலாகத் தொடர்தல்' என்கிறார்கள். அழகான பெயர், ஆனால் நிழல் எதையும் செய்வதில்லை அல்லவா? அதனால் அது மட்டும் போதாது என்பது பலர் கருத்து. தொண்டராகச் சேர்ந்து நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்வது, தண்ணீர் தருவது, தனியாக இருக்கும் முதியவரோடு பேசிக்கொண்டிருப்பது அடுத்த படி. இறுதி நாட்களில் இருப்போரைப் பேணும் இல்லங்களில் உடனிருப்பது இன்னும் கடினமானது. சம்பளத்துக்குச் செய்யும் வேலைகளும் உண்டு. உரிய பயிற்சி பெற்று நர்ஸுக்கு உதவியாளராகலாம். நம் ஊர் 108 வண்டியில் வருவோரைப் போல ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யலாம். டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது அருகிருந்து குறிப்பெழுதலாம்.

இங்கேதான் ஆய்வுக்கூடம் சொல்லித் தராத ஒன்றைக் கற்கிறார்கள். வாந்தி எடுத்தவரின் படுக்கை விரிப்பை முகம் சுளிக்காமல் மாற்ற முடிகிறதா? கோபமாகப் பேசும் நோயாளியிடம் மறுநாளும் போக முடிகிறதா? ஒருவர் அழும்போது ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நிற்க முடிகிறதா? இவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் இவற்றுக்கு 'இல்லை' என்று பதில் வருமானால் அதை இருபது வயதில் அறிவது நல்லது. இருபத்தெட்டு வயதில், பெற்றோர் கடன் வாங்கிப் படிக்கவைத்த பிறகு அறிவது எவ்வளவு துயரம்!

சரி, இரண்டுக்கும் நேரம் ஒதுக்குவது எப்படி? பலரும் மணிக்கணக்கைப் பார்த்துத்தான் மயங்கிவிடுகிறார்கள். எங்கள் கருத்தில் இவை இரண்டும் கேட்பது வெவ்வேறு வகையான நேரம். ஆய்வுக்கூடம் இடைவிடாத நேரத்தைக் கேட்கும். செல்கள் ஞாயிற்றுக்கிழமை என்று பசி பொறுப்பதில்லை. காலையில் தொடங்கிய சோதனையை மதியம் வகுப்பு இருக்கிறது என்று பாதியில் விட முடியாது. ஆகவே அதற்கு ஏற்றது கோடை விடுமுறை. வாரம் 40 மணி வீதம் பத்து வாரம் செய்தால் 400 மணி. வார்டு அப்படி அன்று. அதற்கு வாரம் நான்கு மணி போதும், ஆனால் வாரந்தோறும் போக வேண்டும். நாற்பது வாரம் போனால் 160 மணிதான் ஆகும். 400-க்கு முன் 160 சிறியதாகத் தெரியலாம். ஆனால் மழையிலும் தேர்வுக் காலத்திலும் நாற்பது சனிக்கிழமை தவறாமல் போனவள், ஒரே மாதத்தில் 160 மணியைக் குவித்தவளைவிட அதிகம் கற்றிருப்பாள். சென்ற வாரம் இருந்தவர் இந்த வாரம் கட்டிலில் இல்லை என்பதை அவள்தானே பார்த்திருப்பாள்?

கோடையில் ஆய்வு, ஆண்டு முழுதும் வாரம் ஒரு முறை வார்டு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் மோதாது. இதற்கிடையே கல்லூரி மதிப்பெண் குறைந்தால் எல்லாம் வீண் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விண்ணப்பம் அனுப்புவது சேருவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாக. கடைசி நேரத்தில் ஓடிச் சேர்க்கும் மணிகள் அதில் இடம்பெறாமலே போய்விடும். எனவே பட்டம் பெற்றபின் ஓரிரு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்போரும் அங்கே பலர்.

எதை முதலில் தொடங்குவது என்று கேட்டால், வார்டைத்தான் என்போம். ஆய்வில் விருப்பமில்லாமலும் நல்ல டாக்டர் ஆகலாம். நோயாளியிடம் விருப்பமில்லாமல் ஆக முடியாது. வார்டு பிடிக்கவில்லை, ஆய்வுக்கூடம் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் நல்ல செய்திதான். அவள் விஞ்ஞானியாகலாம், டாக்டராகத்தான் வேண்டும் என்ற கட்டாயம் என்ன? இரண்டிலும் சமமான ஆசை உள்ளவர்களுக்கு அங்கே மருத்துவப் பட்டத்தையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துத் தரும் படிப்பு இருக்கிறது. 1964 முதல் அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் அதற்குப் பொருளுதவி செய்கின்றன. ஏறக்குறைய எட்டு ஆண்டுப் படிப்பு. அதற்கு விண்ணப்பிப்போர் மட்டும் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும்.

முன்னே சொன்ன சங்கடத்துக்கு வருகிறோம். தொண்டு வேலைக்குச் சம்பளமில்லை. தந்தைக்கு வசதியுள்ள மாணவி கோடை முழுதும் ஆய்வுக்கூடத்தில் இருப்பாள். வசதியில்லாதவள் கடையில் வேலை செய்து கல்லூரிக் கட்டணம் சேர்ப்பாள். விண்ணப்பத்தில் முன்னவளே ஆர்வம் மிக்கவளாகத் தெரிவாள். சம்பளத்துக்குச் செய்யும் மருத்துவமனை வேலையையும் கல்லூரிகள் ஏற்பதால் இதற்கு ஓரளவு வழியிருக்கிறது. முழு வழி இன்னும் இல்லை.

இன்னொன்று எங்கள் மனத்தை மிகவும் உறுத்தியது. நோயாளிகளோடு கழித்த நேரத்தை எண்ணி எழுதச் சொன்னால், நோயாளி ஒரு மனிதராக இல்லாமல் விண்ணப்பத்தின் ஒரு கட்டமாகிவிடுவார் அன்றோ? சிலர் ஏழை நாடுகளுக்குப் பயணம் சென்று, தம் நாட்டில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சைகளை அங்குள்ள மக்கள்மீது செய்து பார்த்து வந்ததும் உண்டு. இது தகாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே நெறிமுறை வகுத்துள்ளது. ஏழை நாடு என்றால் அது நம் நாடாகவும் இருக்கலாம். கட்டிலில் படுத்திருப்பது நம் பாட்டியாகவும் இருக்கலாம். டாக்டரைத் தொடரும் மாணவி, அறைக்குள் நுழையுமுன் நோயாளியின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. இந்த இரண்டும் தெரியாதவளுக்கு 1,000 மணி நேரம் இருந்தும் என்ன?

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வரிசை தலைகீழ். முதலில் கல்லூரிக்குள் நுழைகிறோம், பிறகே ஆய்வையும் வார்டையும் காண்கிறோம். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி முதல் ஆண்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்புத் தரப்படுகிறது. மருத்துவ மாணவர்கள் குறுகிய கால ஆய்வு செய்வதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் சேர்ந்த பிறகு.

ஆய்வும் வார்டும் ஒருவரிடமே கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1985-இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி நம் நாட்டில் இருக்கிறதா என்று சோதிக்கும்படி தம் பட்டமேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் சொன்னார். அந்நோய் மேல்நாட்டுக்கு உரியது, இங்கே வராது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. நிர்மலா அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களைத் தேடிச் சென்று, பேசி, இரத்தம் சேகரித்தார். வைக்க வேறு வசதியின்றித் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாராம். பின்னர் ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு இரவு இரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே செய்த சோதனையில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. நாடு விழித்துக்கொண்டது.

டாக்டர் சுனிதி அத்தோடு நிற்கவில்லை. அந்நோயாளிகளைத் தொடவே பிறர் அஞ்சிய நாட்களில், அவர்களைக் கவனிப்பதற்கென்றே 1993-இல் சென்னையில் ஒரு மையத்தை நிறுவி, 2015-இல் இறக்கும்வரை அவர்களோடு இருந்தார். சோதனைக் குழாயில் கண்ட கிருமியை அவர் ஒரு மனிதரின் உடம்பிலும் கண்டார். அந்த மனிதரின் பெயரையும் கேட்டார்.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே நீட் பயிற்சி வகுப்பில் எங்களைச் சேர்க்கப் பலர் ஏற்பாடு செய்துவிட்டீர்கள் என்று கேள்விப்படுகிறோம். வகுப்புக்குப் போகிறோம். ஆனால் அதற்கு முன் பதினைந்து நாள் எங்களுக்குத் தாருங்கள். சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் காலையில் கஞ்சி கொடுக்கவும், தலை வாரிவிடவும், நகம் வெட்டவும், செய்தித்தாள் படித்துக் காட்டவும் ஆள் போதவில்லை என்று ஸிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வந்தால் பதினோரு மணிக்குத் திரும்பிவிடலாம். பெயர் கொடுக்க விரும்பும் தோழியர் வகுப்புத் தலைவியிடம் கொடுக்கலாம். பெற்றோரின் கையொப்பமிட்ட கடிதம் அவசியம்.